முட்டு

உங்குரம் போடணும்னு கன்னடத்துல சொன்னாங்க.
நான் விரலை நீட்டினேன்.
இருந்த ஒண்ணும் அடகுல மூழ்கிப்போச்சு தாயீன்னேன்.
நர்ஸ் சுவரைப் பார்த்துச் சிரிச்சா.
டாக்டரம்மா சிரிக்கல.
அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினாங்க:
வெள்ளையா, ரப்பர் மாதிரி,
மடக்கினா மடங்கி, விட்டா விரியுற வளையம்.
கைக்குப் போடறதில்ல.

பதினோரு வருஷம்
பஸ்ஸுல ஒரு பக்கமாவே உட்கார்ந்து போயிருக்கேன்.
குந்தினா கோழிமுட்டை கணக்கா ஒண்ணு வந்து எட்டிப்பாக்கும்.
விரலால உள்ள தள்ளிட்டுத்தான் ஒண்ணுக்கு.
அதுவும் தண்ணி வராத நாள் குழாய் மாதிரி
சொட்டும், நிக்கும், சொட்டும்.
அடி எறங்கிடுச்சுன்னு சாலம்மாகிட்ட மட்டும் சொன்னேன்.
அவ கொசுவத்தை இறுக்கிக்கிட்டு
யாருக்குத்தான் எறங்கலன்னா.

பேரு? மாதம்மா.
வயசு அறுபத்துமூணுன்னு ஆதார்ல இருக்கு.
எத்தனை பிரசவம்? அஞ்சு. இருக்கிறது மூணு.
கனம் ஏதாச்சும் தூக்குனீங்களா?
கொஞ்சம்னேன்.

மாரத்தஹள்ளியில நீலக் கண்ணாடி போட்டு ஒண்ணு நிக்குதே,
ஏழாவது மாடி வரைக்கும் அது
பாண்டு பாண்டா என் தலைமேலதான் ஏறுச்சு.
மூணாவதைப் பெத்த பதினெட்டாம் நாள்
சும்மாடு சுத்திக்கிட்டு ஜல்லிக்குப் போனேன்.
பால் கட்டி ரவிக்கை நனைய
கலவை காயறதுக்குள்ள ஏறணும், இறங்கணும்.
இப்ப அங்க நாலு லிப்ட்.
வாட்ச்மேன் கேட்டுக்கிட்ட நிக்க விட மாட்டான்.

ஆப்பரேஷன் வேண்டாமாம்.
சர்க்கரையும் நெஞ்சும் தாங்காதாம்.
முதல் வளையம் ஒரு இருமலுக்கே நழுவிடுச்சு.
ரெண்டாவது குத்துச்சு.
மூணாவதைப் போட்டுட்டு
நடங்க, குந்துங்க, இருமுங்க, படி ஏறுங்க,
போய் ஒண்ணுக்கு இருந்துட்டு வாங்கன்னாங்க.

தாழ்ப்பாள் இல்லாத கதவை
ஒரு கையால பிடிச்சுக்கிட்டுக் குந்தினேன்.
சர்ர்ருனு போச்சு.
ஒரே மூச்சுல.
வெளியே டோக்கனோட நிக்கிறவளுக்குக் கேட்டிருக்கும்.
கேக்கட்டும்.

திரும்பி வர்ற பஸ்ஸுல
சீட்டு முழுசுக்கும் உட்கார்ந்தேன்.
குழியில ஏறி இறங்கும்போது மட்டும்
பழக்கத்துல பல்லைக் கடிச்சேன்.

ராத்திரி அவரு கேட்டாரு, என்னவாம்?
கர்ப்பப்பைன்னு சொல்ல வாய் வரல.
நாப்பது வருஷம் கரணை பிடிச்ச மனுஷன்.
தளம் தொங்கிப்போச்சு,
முட்டு குடுத்திருக்காங்கன்னேன்.

பீடியைக் கீழ வெச்சாரு.
எத்தனை நாள் கழிச்சுப் பிரிக்கணும்?

இது பிரிக்கிற முட்டு இல்ல.
மூணு மாசத்துக்கு ஒருதரம் போனா
எடுத்துக் கழுவிப் பார்த்துட்டு
திரும்ப வெப்பாங்க.
புண்ணாகாம இருக்க ஒரு களிம்பு, வாரத்துல ரெண்டு ராத்திரி.

சவுக்குக் கம்பு எண்ணுற முகத்தோட
ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாரு.
அப்புறம் சொன்னாரு,
எவன் போட்ட தளமா இருந்தாலும்
ஈரம் காயுமுன்னே இத்தனை பாரம் ஏத்தியிருக்கக் கூடாது.

ஏத்தினது யாருன்னு நான் கேக்கல.

காலையில தண்ணி லாரி வந்தப்போ
குடத்தை அவரே எடுத்தாரு.
இடுப்புல வெக்கத் தெரியல.
வீடு வர்றதுக்குள்ள பாதி சட்டையில.
ஈஜிபுரா சந்து முழுக்கப் பார்த்துச் சிரிச்சுது.
ரெண்டாவது குடத்துக்கும் போனாரு.

சாலம்மா வரமாட்டேங்கிறா.
எனக்கென்ன, இன்னும் எத்தனை நாளைக்கு, அப்படிங்கிறா.
துணி காயப்போடுற சாக்குல வந்து நின்னு,
க்ளிப்பை வாயில கவ்விக்கிட்டு,
வளையல் அளவு கேக்கறவ மாதிரி
மெதுவாக் கேட்டா:
உனக்கு என்ன நம்பரு?