ஆறு மாசந்தான்

வாடகைக்கு எடுக்கும்போது எல்லோரும் சொல்வதுதான்:
"ஆறு மாசந்தான்."
ஓடாத டிரெட்மில்லுக்கு ஆறு மாசம்.
விவாகரத்தான கட்டிலுக்கு ஆறு மாசம்.
நான் பூட்டின் விலையைச் சொல்லிச் சிரிப்பேன்.
சிரிப்பும் சம்பளத்தில் சேர்த்தி.
போகிறபோது கைபேசியில் நட்சத்திரம் குத்துவார்கள்;
நாலுக்குக் கீழே இறங்கினால் ப்ரெண்டன் கூப்பிடுவான்.
இருபத்தாறு வயசுப் பையன், திட்டத் தெரியாது.
"உங்க பயணம் எப்படிப் போகுது, ஆன்ட்டி?"
என்ன பயணம்?
சாட்ஸ்வர்த்திலிருந்து மொபேனிக்கு ஒரு டாக்சி.

இதே தகரக் கூரைக்குக் கீழே
பதினெட்டு வருஷம் காலர் தைத்தேன்.
மணிக்கு அறுபது.
ஐம்பத்தொன்பது என்றால்
மிஸ்டர் நாயுடுவின் செருப்புச் சத்தம்
முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்.
முன்னூறு பெண்கள், முன்னூறு மோட்டார்.
டோரிஸ் ம்கிஸே மேசைமேல் ஏறினால்
முன்னூறும் அடங்கும்.
பிறகு கப்பலில் சட்டைகள் வந்து இறங்கின,
எங்கள் துணியின் விலைக்கே முழுச் சட்டை, பொத்தானோடு.
அதற்கு எந்த மேசைமேல் ஏறுவது?

இப்போது ஷிஃப்டுக்கு நான் ஒருத்தி.
மற்றபடி கேமராக்கள்.

மகள் சமையலறையில் உட்கார்ந்து
கண்ணால் பார்க்காத ஊர்க் கிழவர்களுக்குக்
காப்பீடு விற்கிறாள்.
"அப்படி என்னதான்டி விக்கிறே?"
"நிம்மதிம்மா."
கரண்ட் போனால் நிம்மதியும் போய்விடும்.
பேட்டரிக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

தரைக்குச் சாம்பல் பெயிண்ட் அடித்தும்
முப்பத்தொன்றாம் அறையில் துடைப்பம் தட்டும்:
நாலு ஆணித் துளை.
ஜன்னலிலிருந்து எண்ணினேன். ஏழாவது. என் இயந்திரம்.
ஒன்றரை மீட்டர் இடம்.
அதன் இன்றைய மாத வாடகை
அன்றைய என் வாரக் கூலியைவிட அதிகம்.
அவ்வளவு விலையுள்ள இடத்திலா உட்கார்ந்திருந்தேன்?
ஒருவரும் சொல்லவில்லையே.

போன செவ்வாய் 114-இன் பூட்டை அறுத்தோம்.
மூன்று மாசப் பாக்கி, ஆள் அகப்படவில்லை, ஏலத்துக்குப் போகும்.
தொட்டில். பிரின்டர். ஒரு நீச்சல் மெடல்.
பிளாஸ்டிக் பையில் பள்ளிச் சட்டைகள்,
காலருக்குள்ளே எங்கள் கம்பெனி லேபிள்.

புரட்டிப் பார்த்தேன்.
என் கையா, நீர்மலா கையா, தெரியவில்லை.
தையல் நேராக இருந்தது.
நேராக இருந்தால் அது யார் கையும் இல்லை.

"துணி, பழையது" என்று தட்டினேன்.
எத்தனை, என்றது திரை.
பதினொன்று.
பதினொரு நிமிஷ வேலை.