லாபம், இரண்டு, மூன்று

அடையாள அட்டையில் உ தான் டே.
சம்மதத் தாளில் அந்தப் பெயரை எழுதுமுன்
பேனா கொஞ்சம் நின்றது.
"வைரக்கண்ணு," என்றார் என்னிடம் தணிந்த குரலில்,
கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றித் தந்தது போலவே.

பேயின்னாவுங் சந்தையில் பருப்புக்குத் தரம் சொல்பவர்.
மூட்டையில் குத்தூசி ஏற்றி, உள்ளங்கையில் சரித்து,
ஒரு ஊது, ஒரு பார்வை. விலை.
நேற்றெல்லாம் மருந்துத் தண்ணீர் குடித்துக்
குடலைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார்.
"ஏகாதசிக்குக்கூட நான் இத்தனை சுத்தமில்லை, சிஸ்டர்."

திரையில் அவருடைய உள்பக்கம்:
மடிப்பு மடிப்பாக, ஈரமாக, இளஞ்சிவப்பாக.
இடப்பக்க வளைவில் அது உட்கார்ந்திருந்தது.
மேல்தோல் பழுதில்லை. புண்ணில்லை.
டாக்டர் ஏ தின்சா ஊசியுறையின் நுனியால் அழுத்திப் பார்த்தார்.
கொழுப்பென்றால் தலையணை போல் குழியும்.
குழியவில்லை.
"தசை," என்றார்.

நாம் தூங்கும்போதும் சோற்றை நகர்த்துகிற தசை,
கேட்டு வேலை செய்யாதது,
சொன்னால் நிறுத்தாதது.
அதில் ஒரு பிடி மட்டும்
நகர்த்த எதுவுமில்லாமல் தனியே தடித்துவிட்டது.
தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள்.
இது ஆடவில்லை.
"பெரும்பாலும் சாதுதான்," என்றார் டாக்டர்.
சாது மிரண்டால், என்று தொடங்கி விட்டுவிட்டேன்.
பர்மியப் பேச்சில் அந்தக் காட்டுக்கு
எனக்கு வழி தெரியாது.

நீலம் கலந்த உப்புநீர் அடியில் இறங்க,
கட்டி மெத்தையின் மேல் எழுந்தது.
கண்ணியின் கைப்பிடி என்னிடம்.
கம்பி வளையம் விரிந்து, தலை வழியே இறங்கி,
கழுத்தில் படிந்தது.
"பியே பியே," என்றார், மெல்ல மெல்ல.
டாக்டரின் கால் மிதிக்கட்டையைத் தேடியது.

கரண்டு போயிற்று.

திரை கருத்தது. மாற்று பேட்டரி
மூன்று முறை கீச்சிட்டு அடங்கியது.
யாரோ ஜெனரேட்டருக்குப் படியிறங்கி ஓடினார்கள்,
ஒற்றைச் செருப்புச் சத்தத்தோடு.
இறுக்கினால் சுடாமலே அறுபடும், ரத்தம்.
தளர்த்தினால் நழுவும்.
என் கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில்
நடுங்காமல் இருக்க முயன்று நடுங்கியது.

அப்போதுதான் அரை மயக்கத்தில்
அவர் எண்ணத் தொடங்கினார்.
ஒன்று என்றல்ல.
"லாபம்."
படி பிடித்து அளக்கிறவன் முதல் படிக்குச் சொல்வது.
"இரண்டு... மூன்று..."
"என்ன சொல்கிறார், வலிக்கிறதாமா?"
"இல்லை சயாமா, அளக்கிறார்."

பதினேழில் தடுமாறினார்.
குவியலை மறுபடி கலைத்தவர் போல் பெருமூச்சு.
"லாபம்."
இரண்டாம் சுற்றில் ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே
விளக்கு வந்தது.
வளையம் விட்ட இடத்திலேயே.
மிதி. ஓரம் வெளுத்தது, ஒரு நூல் புகை,
கட்டி தன் பாட்டுக்குச் சாய்ந்தது.
பிளந்த இடத்தை இரண்டு கிளிப்புகளால் மூடினோம்.

மயக்கம் தெளிந்ததும் பார்க்கவேண்டும் என்றார்.
மருந்துப் போத்தலை ஜன்னல் பக்கம் உயர்த்தி
உருட்டினார். உதட்டைக் குவித்தார், ஊதிவிட.
கண்ணாடியில் ஆவி படிந்தது.
"கொண்டைக்கடலை. சின்ன ரகம்.
ஈரம் அதிகம், விலை போகாது."

பதினோராம் நாள் முடிவு வந்தது.
மென்தசைக் கட்டி, தீங்கற்றது. ஓரங்களில் மிச்சமில்லை.
பெயர்: உ தான் டே.
"அப்போ கட்டி அவனுக்குத்தான்," என்று சிரித்தவர்
சிரித்த வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டார்.
போகும்போது மேசைமேல் ஒரு பொட்டலம் உளுந்து,
வேண்டாமென்று சொல்லுமுன் படியில் இறங்கிவிட்டார்.

இரவு ஊறப்போடுவதற்கு டம்ளரால் அளந்தேன்.
கல் இல்லை, சொத்தை இல்லை.
முதல் டம்ளருக்கு
நான் கேட்காமலே வாய் சொன்னது,
லாபம்.