பிழைத்திருத்தம்

சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டைமாடிக்கு
ஏழு மணிக்கு மேல்தான் வெறுங்காலோடு போகலாம்.
அதற்கு முன் தரை தோசைக்கல்.
முதல் பதிப்பு முப்பத்திரண்டு பக்கம்,
தோட்டப்பாளையம் ஜெராக்ஸ் கடையில் ஸ்டேப்லர் அடித்தது.
இரண்டாம் பதிப்பு இருநூற்றுப் பன்னிரண்டு.
இரண்டையும் பாயில் போட்டு
நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம்,
மூன்றாவதில் எது இருக்கும், எது போகும் என்று.

"எடைக் கணக்கு வேணும்" என்றான் இஷ்தியாக்,
ஆம்பூர் ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன்.
பழைய விதி: தோற்பைத் தண்ணீர் மூன்று வீசை,
வாள் ஒரு வீசை,
பத்துக்கு மேல் சுமந்தால் ஓட முடியாது.
அதை ஒழுங்காகக் குறித்துவைத்தவன் அவன் ஒருவன்தான்.
நான் ஏற்கெனவே சிவப்பில் அடித்திருந்தேன்.
"வறண்ட ஆத்தைத் தாண்டுனோமே, மூணு பகல்,
வாளைப் போட்டுட்டுத் தண்ணியைத் தூக்கினோமே,
எந்த விதி தூக்க வச்சுது?"
அடித்த வரிக்குக் கீழே புள்ளிகள் வைத்தேன்,
இருக்கட்டும் என்பதற்கான குறி.

கதவுகள்.
முதல் பதிப்பில் கதவுக்குப் பகடை கிடையாது.
எப்படித் திறப்பாய், சொல். அவ்வளவுதான்.
கீலில் நல்லெண்ணெய் விடுவேன் என்பாள் ஒருத்தி.
தட்டித்தான் பார்ப்போமே என்பான் ஒருவன்.
இரண்டாம் பதிப்பில் பூட்டுத் திறமை என்று ஒன்று,
பதினாலுக்கு மேல் விழ வேண்டும்.
விழுந்தது. திறந்தது.
அந்தக் கதவின் நிறம் யாருக்கும் நினைவில்லை.
இதில் சண்டையே வரவில்லை.

சண்டை சாவில் வந்தது.
உயிர்ப்புள்ளி பூஜ்யம் என்றால் ஆள் காலி,
பழையபடி, என்றான் முனிரத்தினம்.
பூஜ்யத்துக்குப் பிறகு மூன்று உருட்டல் தருவது
அவனுக்குக் கோழைத்தனம்.
"அப்புறம் எதுக்கு நெஞ்சு படபடக்கணும்?"
ஜெமைமா டிபன் டப்பாவை மூடினாள்.
அவளுக்கு இன்றும் இரவு ஷிப்ட், தீவிர சிகிச்சைப் பிரிவு.
"பூஜ்யத்தை நான் தினம் பாக்கறேன்.
மூணு உருட்டலும் பாக்கறேன்.
உருட்டறது யாருங்கறதுலதான் உங்க புக்கு தப்பு.
விழுந்து கிடக்கறவன் உருட்டக் கூடாது.
பக்கத்துல நிக்கறவங்க உருட்டணும்.
பக்கத்துல யாரும் இல்லேன்னா
பூஜ்யம் பூஜ்யம்தான்."
முனிரத்தினம் கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தான்.
தெருவில் ஒரு பஸ் ஏர்ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
எழுதிக்கொண்டேன். இது பழையதிலும் இல்லை,
புதியதிலும் இல்லை.

கடைசியாகப் பக்கம் பத்தொன்பது.
கோட்டையைச் சுற்றி அகழி, அகழியில் முதலை உண்டு
என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.
டைப் அடித்த பையன், கரண்ட் போய்விடும் அவசரத்தில்,
அகழியில் முதலாளி உண்டு என்று அடித்துவிட்டான்.
நூறு பிரதியும் அப்படியே போனது.
குடியாத்தத்தில் ஒரு கோஷ்டி
அவரிடமே வட்டிக்கு வாங்கிப் பாலம் கட்டியதாம்.
ராணிப்பேட்டையில் அவருக்கு எதிராக வேலைநிறுத்தம்,
மீன்களையும் சேர்த்துக்கொண்டு.
எங்கள் பாயில் அவர்
கண் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய
போன மாத பாக்கியைக் கேட்பார்.

இரண்டாம் பதிப்பில் நான் திருத்தினேன்.
முதலை. கடித்தால் எட்டுப் புள்ளி, வால் வீச்சு பதினொன்று.
எல்லாரும் கொன்றுவிட்டு உள்ளே போனார்கள்.

எந்தப் பழைய விதி கட்டாயம் வேண்டும்?
கேட்டது நான்தான்.
மூன்று விரல்கள் ஒரே பக்கத்தில்.

எழுதுகிறேன்:
பக்கம் நூற்று நாற்பதில்
முதலை என்றிருப்பதை
முதலாளி எனத் திருத்தி வாசிக்கவும்.

இஷ்தியாக் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறான்.
"எத்தனை வீசை?"