கை வைக்கும் இடம்

வானம் வேண்டாம். தரை வேண்டாம்.
செருப்புத் தடம், சிகரெட் துண்டு, முள்செடி,
எவ்வளவு பெரியது என்று காட்டிக்கொடுக்கும் எதையும்
சட்டத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டே இருந்தேன்.
ஃப்ரேஜின் நிழல் ஒருமுறை உள்ளே வந்தது.
"கொஞ்சம் நகரு" என்றேன்.
நகர்ந்தான். நிழலும் முணுமுணுக்காமல் போனது.

சினாயில், நுவைபாவுக்கு மேற்கே,
இரண்டு தோளும் உரசும் இடுக்கு.
மணற்கல்லில் இரும்பு கசிந்து சிவந்து
மாங்கனீசு கசிந்து கறுத்து
நடுவில், யாரோ கலக்க மறந்த பாலாக
ஒரு வெள்ளை.
வெயில் இங்கே நேராக இறங்குவதில்லை.
எதிர்ச் சுவரில் பட்டு
அதன் நிறத்தில் கொஞ்சம் திருடிக்கொண்டு
இந்தச் சுவருக்கு வருகிறது.
பதினோரு மணிக்கு, இருபது நிமிடம்.
அவ்வளவுதான்.
ட்ரைபாடின் மூட்டில் மணல்.
திருகும்போதெல்லாம் பல்லைக் கடித்தது.
மூச்சை அடக்கி ஷட்டரை அழுத்தினேன்,
கல் அசைந்துவிடுமோ என்று.

இரவு. கடலோரக் குடில்.
ஜெனரேட்டர் விட்டுவிட்டு இருமுகிறது.
கேமரா கொண்டுவந்திருப்பது சாம்பல்.
கச்சாக் கோப்பு எப்போதும் அப்படித்தான்,
உப்புப் போடாத சோறு.
கறுப்பை இறக்கினேன். வெளிச்சத்தை ஏற்றினேன்.
ஆரஞ்சை ஒரு இழு இழுத்ததும்
சுவர் கல்யாண வீட்டு மருதாணி ஆயிற்று.
வெட்கமாக இருந்தது. திருப்பி இழுத்தேன்.
இப்போது காய்ச்சல்காரன்.
நிழல்களில் ஒரு நீலம் இருந்தது, சத்தியமாக இருந்தது.
எவ்வளவு நீலம்?
கண் காலையிலேயே பொய் சொல்லத் தொடங்கிவிட்டது.
நினைவு அதற்குச் சாட்சி.

வாசலில் தர்ப்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தவனிடம்
"அந்தச் சுவர் என்ன நிறம், ஃப்ரேஜ்?"
"எத்தனை மணிக்கு?" என்றான்.

படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன்.
கோடுகள் கீழிருந்து மேலே வழிந்தன. நன்றாக இருந்தது.
தசையா, வியாழன் கிரகமா, தைக்காத பட்டா
என்று பார்ப்பவர் குழம்ப வேண்டும்.
குழப்பத்துக்குத்தான் இத்தனை மெனக்கெடல்.
ஒன்று மட்டும் உறுத்தியது:
மூன்றாம் வளைவின் விளிம்பில் வெளிறிய புள்ளி,
கடுகளவு.
சென்சாரில் தூசி என்று நினைத்தேன்.
சீராக்கும் தூரிகையை வைத்து ஒரு சொடுக்கு.
பக்கத்துச் சிவப்பு வந்து இடத்தை மூடிக்கொண்டது.
அங்கே எதுவும் இருந்ததே இல்லை.

தேநீரோடு வந்தவன் கழுத்தைச் சாய்த்தான்.
இன்னும் சாய்த்தான்.
பிறகு மடிக்கணினியையே தூக்கிக் கவிழ்த்தான்.
விசைப்பலகையின் மணல் அவன் மடியில் கொட்டியது.
"நம்ம சுவர்தான். வெள்ளம் வந்தால் இதில்தான் ஏறுவோம்.
பிடி எங்கே?"
"எந்தப் பிடி?"
"கை வைக்கிற இடம். தேய்ந்து வெளுத்திருக்கும்.
என் தங்கை உம்பாரகா நான்கு தடவை விழுந்து
ஐந்தாவது தடவை எட்டிப் பிடித்தாள்.
அது இல்லாமல் எப்படி ஏறுவது?"
சிரித்துவிட்டு டயருக்குக் காற்றடிக்கப் போனான்.

அழித்ததைத் திரும்ப அழைத்தேன்.
புள்ளி வந்தது.
வந்ததும் வியாழன் போயிற்று, பட்டு போயிற்று.
சுவர் இரண்டு ஆள் உயரத்துக்குச் சுருங்கி நின்று
ஏறு என்றது.
படத்துக்கு அது நல்லதில்லை.
இரண்டு கோப்பாகச் சேமித்துவிட்டுப் படுத்தேன்.

மார்ச் மாதம், போர்ட் சயீத்.
கண்ணாடிச் சட்டம், கூடத்தின் கடைசிச் சுவர்,
பெயர் இல்லை, எண் மட்டும்.
இந்த முறை நேராகவே மாட்டியிருந்தேன்.
விளக்குப் பொருத்த வந்த மின்பணியாளர்
ஏணியை மடக்கிக்கொண்டே படத்தைப் பார்த்தார்.
முகம் சுளித்தார்.
விரலை நாக்கில் நனைத்து
அந்தப் புள்ளியைத் துடைத்தார்.
போகவில்லை.
குதிகாலை உயர்த்தி, எட்டி,
உள்ளங்கையால் இன்னொரு தடவை
அழுத்தித் துடைத்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.