நானூற்றுப் பன்னிரண்டு

லாரி எட்டு மணிக்கு.
இப்போது ஆறே கால்.
சுக்திதி சாலையெல்லாம் மழை.
தகரக் கொட்டகையில் மடிக்கணினியைத் திறக்கிறேன்.
தயாரித்தவன் பெயர் ஒருமுறை மின்னுகிறது.
பிறகு கறுப்பு.
இடது மேல்மூலையில் ஒரு சிறு கோடு
இமைக்கிறது, இமைக்கிறது,
கடன் கேட்க வந்துவிட்டு
மழையைப் பற்றியே பேசுகிறவன் மாதிரி.

மூன்று வாரத்து ஹேசல் கொட்டை உள்ளே இருக்கிறது.
யார் எத்தனை மூட்டை, ஈரம் எவ்வளவு,
சொத்தைக்கு எவ்வளவு கழித்தோம்,
எல்லாம் அந்தக் கறுப்புக்குப் பின்னால்.
வாசலில் பதினோரு பேர்.

ஜுமபேர் சொல்கிறார்: "பேட்டரி."
டிராக்டர் நின்றாலும் மாவு மில் நின்றாலும்
அவருக்கு அது பேட்டரிதான்.
மாமியார் மயங்கி விழுந்தபோதும் அதையே சொன்னார் என்கிறார்கள்.
"இறக்கத்தில் தள்ளிவிடு லமாரா, தானே கிளம்பும்"
என்கிறான் வாழா.
சிரிக்கிறார்கள்.
எத்தேரி மட்டும் சிரிக்கவில்லை.
முன்கையில் நீலப் பேனாவால் 412.
தினமும் அதன்மேலேயே எழுதி எழுதி
எண் தடித்துப் போயிருக்கிறது.

பியூமியிலிருந்து… இல்லை, பத்தூமியிலிருந்து,
எனக்கும் தூக்கம் போதவில்லை,
கம்பெனியின் தெங்கிஸ் போனில் சொல்கிறான்:
"விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடு. இருபதே நிமிடம்."
பழைய கணக்கு?
"அது போகும்."
இவ்வளவு லேசாக அந்தச் சொல்லை
நான் யாரிடமும் கேட்டதில்லை.
போனை வைத்துவிட்டேன்.

ஒயரைப் பிடுங்கினேன்.
பொத்தானை முப்பது எண்ணும்வரை அழுத்தினேன்.
முதுகுத் திருகு ஆறில் ஒன்று மரை கழன்றது.
வெண்ணெய்க் கத்தியால் நெம்பி
மெமரிப் பட்டையை எடுத்து
பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துச் செருகினேன்.
கோடு.
அதே கோடு.
நாற்றப்பூச்சி ஒன்று திரைமேல் ஊர்ந்து
கோட்டருகே நின்று பார்த்தது.
தோட்டத்தை அரித்தது போதாதா உனக்கு?

ஏழு மணிக்கு
ஓரப் பொத்தானைத் தட்டித் தட்டி
நீலப் பக்கத்துக்குள் நுழைந்தேன்.
அங்கே தேதி:
2011, ஜனவரி ஒன்று,
நள்ளிரவு தாண்டி ஏழு நிமிடம்.
நேற்று ராத்திரி கரண்ட் போனது.
இதற்கு எந்த வருடம் என்றே தெரியவில்லை.

கீழே வட்டின் பெயர் இருந்தது. முழுசாக, தெளிவாக.
"இருக்கிறது" என்று நான் கத்தியதில்
வாசலில் பேச்சு நின்றது.
இருக்கிறதுதான். ஆனால் வரிசையில் இரண்டாவது.
முதலில் தேடு என்று எழுதியிருப்பது
யூ.எஸ்.பி.

பின்பக்கம் தடவிப் பார்த்தேன்.
கறுப்புக்குள் கறுப்பாக,
நகம் அளவு ஒரு பென்டிரைவ்.
எனக்கு முன்னிருந்த கணக்கர் விட்டுப்போனது.
இரண்டு வருடமாக அங்கேதான்,
யாருக்கும் தொந்தரவில்லாமல்.
வரிசை மறந்த அன்றுதான்
அது வழிமறித்திருக்கிறது.

நகம் ஒடிய இழுத்தேன்.
மறுபடி பொத்தான்.
பெயர், கறுப்பு, கோடு,
பிறகு கோடு இல்லை.
நீலம் பரவியது.

எத்தேரி என் தோளுக்குமேல் குனிந்தாள்.
அவள் வரிசையைத் தேடி எடுத்தேன்: 409.
"மூன்று கிலோ எங்கே?"
"ஈரம்."
"வெயிலில் ஐந்து நாள் காயவைத்தேன்!"
முன்கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.
இரண்டு எண்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.
கறுப்புத் திரையிடம் யாரும் சண்டை போடவில்லை.
இப்போது பதினோரு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

லாரியின் ஹாரன் கேட்டது.
பென்டிரைவில் என்னதான் இருந்தது என்று
அந்தச் சந்தடியிலும் செருகிப் பார்த்தேன்.
காலி.

தேதியை நானே திருத்தினேன்.
பெரிய பேட்டரி போன வருடமே போய்விட்டது.
கடிகாரத்துக்கென்று உள்ளே இருக்கும்
சட்டைப் பித்தான் அளவு பேட்டரியும் போயிருக்க வேண்டும்.
கரண்ட் போனால் மறுபடி 2011.
இதை ஜுமபேரிடம் சொல்லத்தான் வேண்டும்.
லாரி கிளம்பட்டும்,
அப்புறம் சொல்கிறேன்.