நாற்பத்தொன்றாம் காளை

எனக்கு மாடுகள் பேருந்தில்தான் வரும்.
திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடிக்கு
நடத்துநர் அமல்ராஜின் இருக்கைக்கடியில்
தெர்மாகோல் பெட்டிக்குள்
ஊதா மூடி போட்ட குப்பிகளில்
மும்மூன்று மில்லியாக.

ஐஸ் உருகிப்போனால்
மேல்நீர் பீட்ரூட் சாறாகிவிடும்.
"குலுக்கிக் கொண்டாந்திருக்காங்க டாக்டர்"
என்பாள் தையல்நாயகி.
ஆளா, வடுவூர் சாலையா, யார் கண்டது.
அன்றைக்கு அந்த மாட்டைப் பற்றிச் சொல்ல
என்னிடம் ஒன்றுமில்லை.

வேலைக்கு வந்த புதிதில்
அட்டவணையில் இயல்பு என்றிருந்தது
எங்கோ குளிர்தேசத்துப் புல் தின்ற பசுவின் இரத்தம்.
அதன்படி
உம்பளச்சேரி மாடுகளில் பாதிக்குச் சோகை.
சோகை பிடித்தவை
முழங்கால் சேற்றில் பரம்படித்துக்கொண்டிருந்தன.

நானே இறங்கினேன். நான்கு வருடம்.
தலைஞாயிறு, கொளப்பாடு,
ஏர் அவிழ்த்த மாட்டை நிழலில் அரைமணி நிறுத்தி
கழுத்து நரம்பில் ஊசி.
நெற்றிச்சுட்டி, வெள்ளைக் குளம்படி,
கொம்பு தீய்த்த நூற்றிருபது காளைகள்.

"நல்லாருக்கற மாட்டுக்கு எதுக்கும்மா ரத்தம்?"
வைரக்கண்ணு கேட்டார்.
நல்லாருக்கறதுன்னா என்னன்னு எழுதத்தான் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

கட்டுரை வந்தது.
புது அட்டவணையை லேமினேட் செய்து சுவரில் ஒட்டி
அதைப் பார்த்துப் பார்த்து
எத்தனையோ மாடுகளுக்கு
ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பினேன்.

ஓய்வுக்கு ஆறு வாரம் இருக்கையில்
பழைய ஸ்லைடுகளை ஒழித்துக்கட்டும்போது
நாற்பத்தொன்றைச் சும்மாதான் எடுத்தேன்.
ஒரு சொட்டு எண்ணெய்.
சாயம் வெளுத்த பூச்சின் ஓரத்தில்
ஒரே ஒரு சிவப்பணுவுக்குள்
கமாவைப் போல ஒன்று.
சாயத்துகள் என்று சொல்லிப் பார்த்தேன்.
சாயத்துகளுக்கு உட்கரு கிடையாது.

தைலேரியா.

வைரக்கண்ணு எண்ணுக்கு மகன் எடுத்தான்.
"அந்தச் சுட்டிக்காளையா மேடம்?
பதினோரு வருசம் உழுதுச்சே.
கஜாவுல கொட்டாய் சாஞ்சுதான் போச்சு.
ஏன், அதுக்கு என்ன?"

என்ன சொல்ல.
அதை நீக்கிச் சராசரி போட்டேன்.
இரண்டாம் தசமம் லேசாக அசைந்தது.
நீக்காமல் போட்டேன்.
பதிவேட்டில் நாற்பத்தொன்றுக்கு நேரே
இயல்பு என்று என் முப்பது வயதுக் கையெழுத்து.

அதை அடிக்கவில்லை.
பக்கத்தில், இடமில்லாமல் சாய்வாக,
ஒட்டுண்ணியும் உண்டு என்று எழுதினேன்.

"டாக்டர், பஸ் வந்துடுச்சு."
பத்துக் குப்பி.
இரண்டு உறைந்துவிட்டிருந்தன.