ஓரக்கோடு

கடிதமாக வரவில்லை. இப்போதெல்லாம்
கணக்கைத் திறந்து நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.
செயின்ட் ஜான்ஸில் மணி நாலரை, நல்ல இருட்டு.
பஸ் நிறுத்தத்தில் நின்றபடி
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றித் திறந்தேன்.

படித்து முடித்தவருக்கு மூன்று வருஷம் என்றார்கள்.
எனக்குப் பதினாலு மாசம்.

பிழையில்லை. கீழே காரணமும் இருந்தது:
கடவுச்சீட்டு காலாவதியாகும் நாள்.
லிலோங்வேயில், மின்சாரம் போய்ப் போய் வந்த
ஒரு பிற்பகலில் அச்சான தேதி.
அன்று நான் கவனித்தது ஒன்றுதான்,
படத்தில் ஒரு காது பெரிதாக விழுந்திருந்தது.

தமாண்டா ங்கோமா, கடலில்லாத நாட்டிலிருந்து
கடல்மீனைப் படிக்க வந்தவள். சொன்னால்
எல்லாரும் ஒருமுறை சிரிப்பார்கள், நானும் சேர்ந்து.
எங்களுக்கு ஏரி இருக்கிறது, மறுகரை தெரியாத ஏரி என்று
முதல் வருஷம் விளக்கினேன்.
இரண்டாம் வருஷம் விட்டுவிட்டேன்.

வேலை இதுதான்: காட் மீனின் தலைக்குள்
மொச்சைக்கொட்டை போல ஒரு செவிக்கல்.
நடுவில் உடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
நுண்ணோக்கியில் வைத்தால் வளையங்கள்.
கோடைக்கு வெளிறிய பட்டை,
குளிருக்கு இருண்ட கோடு,
எண்ணினால் வயது.
பிறந்தநாள் மட்டும் எல்லா மீனுக்கும் ஜனவரி ஒன்று;
வசதிக்காக யாரோ கூடிப் பேசி வைத்தது.

சிக்கல் ஓரத்தில்தான்.
முடியாத வளையம் ஒன்று விளிம்பில் மினுங்கும்.
அதையும் ஒரு வருஷமாகச் சேர்ப்பதா, விடுவதா?
பிடிபட்ட தேதியைப் பார்த்துத்தான் தீர்ப்பு.

வாரத்துக்கு இருபது மணி செவிக்கல்.
மிச்சத்துக்குக் காபிக்கடையின் ஜன்னல்,
ராத்திரி பதினோரு மணிக்கும்
காரிலிருந்து நீளும் கைகளுக்கு டோனட்.
இது நிரந்தர வதிவிடக் கணக்கில் சேராது,
அது சேரும், ஆனால் பாதியாகத்தான் சேரும் என்று
அறைத்தோழி ஒயூனா அட்டவணை போட்டிருக்கிறாள்.
அதில் என் வாழ்க்கைக்கு இரண்டு நிறம்.
செவிக்கல் பச்சை. டோனட் சாம்பல்.
தூக்கம் வெறும் கட்டம்.

பக்கத்து மேசை ஜெரார்ட் பட்டெஸ்டர்
தொண்ணூற்றிரண்டில் காட் பிடிக்கத் தடை வந்தபோது
வீட்டுப் படகை விற்றவர்.
மகன்கள் இரண்டு பேரும் ஆல்பர்ட்டாவில்,
எண்ணெய் வயலில்.
போகிறேன் என்பவர்களைப் பிடித்து நிறுத்த
இந்தத் தீவில் ஒரு துண்டுத்தாள் கிடையாது.
இருக்கிறேன் என்கிற எனக்குத்தான்
தாள் மேல் தாள்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
மைக்ரோவேவில் அவருடைய சூப் சுற்றிக்கொண்டிருந்தது.

சூப் முடிந்ததும் அவராகவே கேட்டார்:
“கப்பல் கணக்கெடுப்பு, ஏப்ரலில்.
வர்ற ஏப்ரல் இல்லை, அதற்கடுத்தது. மூன்று வாரம்.
வாந்தி எடுக்காத ஆள் வேண்டும். வருவாயா?”

அந்த ஏப்ரல்.
என் தாள் அந்தப் பிப்ரவரியோடு சரி.
நடுவில் புதுக் கடவுச்சீட்டு வரலாம்,
அதைக் காட்டி நீட்டிக்கக் கேட்கலாம்.
கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நாட்களுக்கு
என்ன நிறம் போடுவதென்று
ஒயூனாவுக்கே தெரியவில்லை.

ஏரியில் ராத்திரி முழுக்கப் படகில் போயிருக்கிறேன்,
ஆடு கூட வாந்தி எடுத்தது, நான் எடுக்கவில்லை என்றேன்.
எந்த ஏரி என்று கேட்டார்.
சொன்னேன்.
சிரிக்கவில்லை. எவ்வளவு ஆழம் என்று கேட்டார்.

சுவரில் தொங்கும் அட்டவணையில்
பெயர் எழுத எழுந்தார்.
கையில் பேனா.
பென்சில் என் கோட்டுப் பையில் இருந்தது.
எடுத்துக் கொடுக்கவில்லை.